மார்லிஸ் எழுந்து நடந்த ஆட்டம்

மார்லிஸ் ருஷ்காவால் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. வீட்டில் இருந்தால் கணவர் மைலோ பின்னிவிடுவார். அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காட்டு ஊர்களில் சுற்றும் ஆட்டக் காலத்தில் தொப்பிதான் கதி. கல்லூரி நாட்களில் அவளும் சாஃப்ட்பாலில், பேஸ்பால் போலப் பெண்கள் ஆடும் ஆட்டத்தில், பந்து வீசியவள்தான். தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக, வலியில் துடித்தவளை ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வீச வைத்தான் பயிற்சியாளன். வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். தோளும் அன்றோடு போயிற்று.

இப்போது ஆள் எடுக்கிற வேலை அவளுக்கே வந்திருக்கிறது. பெரிய பேஸ்பால் கிளப் ஒன்றுக்காகச் சின்ன லீக் மைதானங்களுக்குப் போய், தேறக்கூடிய பந்துவீச்சாளர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஜூலை மதியம் அவள் பார்க்க வந்தது உள்ளூர் கிளப்பின் இளம் பந்துவீச்சாளன் டாரியஸ் ப்ரூட்டை. அவனை வேறு கிளப்புக்குத் தள்ளிவிடப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், பந்து பிடிப்பவனுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கை வரிசை முழுக்க இவளைப் போன்றவர்கள். அவன் கையை ஓங்கும்போதெல்லாம் பந்தின் வேகத்தை அளக்கும் அத்தனை ஸ்பீட் கன்களும் ஒன்றாக எழுந்தன. அந்த வரிசையில் யாரும் கை தட்டுவதில்லை. முகத்திலும் எதையும் காட்டுவதில்லை.

ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் நாலாவதில் டாரியஸ் பந்து போட்டதும் கையை உதறினான். அடுத்த பந்துக்கும் உதறினான். பிறகு நெற்றி வியர்வையை இடது கையால் துடைத்தான். பந்து வேகமாகத்தான் வந்தது, ஆனால் முழங்கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போயிற்று. மார்லிஸ் பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினாள்.

"லோமாக்ஸ், அவன் கையைப் பாத்தியா?"

பக்கத்தில் இருந்த லோமாக்ஸ், வேறொரு கிளப்பின் ஆள், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினான். "பாத்தேன். அதுக்கென்ன? வேகம் கொறையலையே."

"உனக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

"இருக்கு. யாரும் பந்து போடறதில்ல."

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் உள்ளூர் கிளப்பின் ஆபீஸ் ஆள் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். "பாத்தது போதுமா மேடம்? இன்னொரு இன்னிங்ஸ் போட வைக்கவா?"

"அவனுக்கு முழங்கை வலிக்குதுய்யா. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"சேச்சே, நல்லாத்தான் இருக்கான். உங்களுக்காகத்தானே நிறுத்தி வெச்சிருக்கோம்!"

உங்களுக்காக! அன்றைக்கு அவளுடைய பயிற்சியாளனும் இதையேதான் சொன்னான். கேட்டதுமே அந்த ஆபீஸ்காரன் தலையைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது அவளுக்கு. ஆடு மாடு வாங்க வருகிறவன்கூடக் காலைத் தூக்கிப் பார்த்து நொண்டுகிறதா என்று கேட்பானே!

டாரியஸ் மறுபடி பந்து வீசும் மேட்டில் ஏறினான். முதல் பந்தைப் போட்டுவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மார்லிஸ் ஸ்பீட் கன்னைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், மறைக்குது. உக்காரு" என்றான் லோமாக்ஸ்.

அவள் உட்காரவில்லை. பந்து போடப்போகிற நேரத்தில் யாரும் எழுந்து போவதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றே நடுப்படியில், டாரியஸின் அணியை நடத்தும் மேனேஜர் மெய்னர்ட்டின் கண்ணில் படும்படி ஏறினாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. ஒருவர் முன்னதாகக் கிளம்பினால் அவருக்கு மட்டும் ஏதோ சேதி வந்துவிட்டது என்று அர்த்தம். "பேரம் முடிஞ்சிருச்சு போலருக்கு" என்று ஒருவன் முணுமுணுத்தான். இன்னொருவன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். கடைசியில் லோமாக்ஸும் விதைப் பையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். வரிசை காலியானதைப் பார்த்த மெய்னர்ட், அடுத்த பந்துக்குக்கூடக் காத்திருக்காமல் டாரியஸை வெளியே எடுத்துவிட்டான். அவ்வளவு நேரம் வராத இரக்கம் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது!

காரில் பையை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. டாரியஸ், ஆட்டச் சட்டையோடு.

"ஏன் மேடம் எழுந்து போனீங்க? உங்களப் பாத்துத்தான் எல்லாரும் போனாங்க. எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"உன் கைய அவங்ககிட்டருந்து காப்பாத்தத்தான் போனேன்."

"எங் கைக்கு ஒண்ணுமில்ல."

"அப்படியா? வலது கையால இந்தக் கதவச் சாத்து பாப்போம்."

அவன் கை பாதி எழுந்து நின்றது. முகம் கோணியது. இடது கையால் அறைந்து சாத்தினான்.

"வலிக்குதுன்னு மெய்னர்ட்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாய் இல்லையா உனக்கு?"

"மூணாவது இன்னிங்ஸ்லயே சொல்லலாம்னு போனேன். அப்பத்தான் மேல பாத்தேன். நீங்க முன்னாடி குனிஞ்சு என்னையே பாத்துட்டிருந்தீங்க. அதான் சொல்லல."

மெய்னர்ட்டைத் திட்ட, ஆபீஸ்காரனைத் திட்ட, லோமாக்ஸைத் திட்ட அவளிடம் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஆள் எடுக்கிறவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருந்தது அவளேதான். டாரியஸ் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.