ஸ்கொட்லாந்துக் கிழவர் வேடத்துக்காக சிட்னிக்கு

இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவன் பயணக் கட்டுரை எழுத வந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தை எழுத வேறு ஆளில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மெல்பேர்ன் சதர்ன் குரொஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். என்னுடன் வந்தவர் ஏங்கஸ், எழுபத்தெட்டு வயது, நடிகர். நோபல் பார்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நெஞ்சு வருத்தம் இருப்பதால் விமானம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் பதினொரு மணித்தியாலம்.

சிட்னியில் ஒரு படத்துக்கு ஸ்கொட்லாந்துக் கிழவர் வேடம். நடித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடமாக அவருக்கு வேலை இல்லை. "இதுவும் கிடைக்காவிட்டால் இனி முயற்சி செய்யமாட்டேன்" என்றார்.

மழை பெய்துகொண்டே இருந்தது. அவர் தன் கதையைச் சொன்னார். பிறந்தது கிளாஸ்கோ. தகப்பன் கப்பல்தளத் தொழிலாளி. இருபத்தாறு வயதில் சிட்னிக்கு வந்தபோது, இவருடைய ஸ்கொட்லாந்துப் பேச்சைக் கேட்டு யாரும் வேடம் கொடுக்கவில்லை. வாடகை அறையில் இருந்து வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பழகினாராம். அதன்பிறகு பதினொரு வருடம் தொலைக்காட்சித் தொடரில் பொலிஸ் சார்ஜன்ட். ஆறு படங்கள்.

இரவு சிட்னி லிட்கம்மில் என் அக்கா வீட்டில் தங்கினோம். அக்கா அவரைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "இவர் அந்தப் பொலிஸ்காரனெல்லே! எல்லாப் படத்திலயும் செத்துப்போற மனுசன்" என்றார். அக்கா என்ன சொல்கிறார் என்று ஏங்கஸ் கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஐந்து படத்தில்தான் செத்தேன். ஒன்றில் சிறைக்குப் போனேன்" என்று சிரித்தார்.

"தம்பி, இன்னொரு தோசை போடட்டோ எண்டு கேள்" என்ற அக்கா, குரலைத் தாழ்த்தி, "ஆனா இவர் கதைக்கிறது எங்கட பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியாக்காரன் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றார்.

"ஓம்" என்றேன். அதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.

செவ்வாய் காலை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறை. ஒரு கமரா, ஓர் இளம்பெண். கதையில் கிழவருக்கு ஒரு மகள்; அவளின் வசனத்தை வாசிக்க ஆளில்லாததால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஏங்கஸ் தன் வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

அந்தப் பெண் மெதுவாக, "இன்னும் கொஞ்சம் ஸ்கொட்லாந்துக்காரர் போல முடியுமா?" என்றாள்.

"நான் கிளாஸ்கோவில் பிறந்தவன்."

"தெரியும்."

மீண்டும் சொன்னார். யாரோ ஒருவரைப் பரிகாசம் செய்வது போல இருந்தது. மூன்றாம் தடவை நடுவில் நிறுத்தி, நன்றி சொல்லி எழுந்துவிட்டார்.

நிலையத்து வாங்கில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்து டொலர் கோப்பி ஆறிப்போனது. "அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் வந்துவிடும் என்று நம்பினேன்" என்றார். பிறகு, "என் நினைவில் அவளும் ஆஸ்திரேலியாக்காரி போலத்தான் பேசுகிறாள்" என்றார்.

நான் அவருடைய கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மெல்பேர்ன் ரயிலில் அல்பரி தாண்டியபோது அவருக்கு வேடம் தேடிக் கொடுக்கும் முகவர் தொலைபேசியில் அழைத்தார். வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஏங்கஸ் ஒரு சாண்ட்விச் கேட்டார், வாங்கிக் கொடுத்தேன்.