சாமிக்குப் போகாத அரிசி

சமையலறையிலிருந்து சரக், சரக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கோயிலுக்கு அரிசி வாங்கிப் போக வந்து, கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த தோகுஜிக்கு அது நெல்லைச் சட்டியில் தேய்த்து உமி நீக்கும் சத்தம் என்று புரிந்ததும் முகம் வெளிறியது.

"அண்ணி! யாரு தேய்க்கிறது?"

"இந்த வீட்ல வேற யாரு இருக்கா தம்பி? நான்தான். கடைசிப் பிடி."

கினுவே, சாடோ தீவின் மீனவர் மகள். நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் இந்த மலையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வருடம் களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்கினாள். கணவன் இசபுரோ வரப்பில் உட்கார்ந்து சிரித்தாரே தவிர, ஒரு சொல் கடியவில்லை.

அறுவடை நன்றித் திருநாளில் கோயிலில் படைக்கும் புது அரிசி வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். இருபத்தாறு வருடம் காத்திருந்து, இந்த ஆண்டு இசபுரோவின் முறை. தன் கையாலேயே கதிர் அறுத்துக் காயவைத்தார். மறுவாரம் கண்மூடினார். இன்று முப்பத்தேழாம் நாள். சாவுத் தீட்டு ஐம்பது நாள்; அதுவரை வீட்டார் கோயிலுக்கோ படையலுக்கோ கை நீட்டக்கூடாது. வீட்டுச் சாமிப் பலகையை வெள்ளைத் தாள் மூடியிருந்தது. திருநாள் நாளை மறுநாள்.

கினுவே தட்டை நீட்டினாள். நொய் ஒன்றுகூட இல்லாத அரிசி.

"உமி நீக்கப் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களை அனுப்பினேனே அண்ணி?" உறவில்லாவிட்டாலும் இசபுரோவை அண்ணன் என்றே அழைத்த தோகுஜியிடம்தான் இந்த வருடம் கோயில் பொறுப்பு.

"வந்தாங்க. திருப்பி அனுப்பிட்டேன். அவர் நட்டது, அவர் அறுத்தது. கடைசி வேலையாவது நான் செய்ய வேண்டாமா? நான் கோயிலுக்கு வரலியே, அரிசிதானே வருது?"

"தீட்டுக் கை பட்டுடுச்சே! அண்ணன் உயிரோட இருக்கும்போது அறுத்தது, சுத்தமான கதிர். வேற வீட்டுக் கை உமி நீக்கினா படைக்கலாம்னு ஊரைக் கூட்டிப் பேசி சம்மதம் வாங்கினேன். ஒரு கதிராவது மிச்சம் இருக்கா?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

கினுவே தட்டைப் பாயில் வைத்தாள். தான் ஆசையாய்ச் செய்ததே அவருடைய ஆசையைக் கெடுத்துவிட்டதே!

"முன்னாடியே உங்ககிட்ட விவரம் சொல்லாததுக்கு, அண்ணன் இருந்தா என்னைக் குட்டியிருப்பார்" என்றான் தோகுஜி, கண்ணைத் துடைத்தபடி.

"குட்டா? அரிவாளோட துரத்தியிருப்பார். போ தம்பி, வேற வீட்டுல கேளு. நேரமாகுது."

"நீங்க புது அரிசி சாப்பிட்டீங்களா அண்ணி?"

"சாமிக்கு முந்தி நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

"திருநாள் முடிஞ்சதும் இதைப் பொங்கிச் சாப்பிடுங்க."

"ஒருத்தி எவ்வளவு சாப்பிடுவேன்?"

தோகுஜி எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மூடிய சாமிப் பலகையைப் பார்க்காமல், அவளை மட்டும் வணங்கிவிட்டு இறங்கினான். கினுவே கதவை இழுத்துச் சாத்தினாள்.