வரப்பு தாண்டிய பாட்டு

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று தருமபுரிச் சந்தையில் பேசிக்கொண்ட வருஷம். எங்கள் காட்டில் கேழ்வரகுக்குக் களை பறிக்கும் மாதம் அது. காலையில் மேகம் இறங்கி வத்தல்மலையை மூடிவிடும். பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்போம். ஈர மண் வாசனையும் குனிந்த தலையின் கிறுகிறுப்புமாக, விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. அப்போதுதான் பாட்டு வரும்.

ஒருத்தி எடுத்துக்கொடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். மாமியாரை ஏசலாம், புருஷனை ஏசலாம், மனசில் இருப்பதைக் கொட்டலாம். கட்டுப்பாடு ஒன்றுதான்: பாட்டில் வந்த பேச்சை வரப்பு தாண்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

பாட்டெடுப்பவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. என் மகனுக்கு அப்போது ஒரு வயது. புங்கமரத்தில் கட்டிய தூளியில் தூங்குவான். அன்றைக்கு அவள் தூளியைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

கன்னத்தைக் கிள்ளவும் தோணுதடி – அது
கண்ணீர் விட்டா நான் சாகுறன்டி

நானும்தான் திருப்பிப் பாடினேன். என் பிள்ளையைத்தான் பாடுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் கோபம் வரவில்லை. கிள்ளுகிற விரலும் அழுகிற கண்ணும் ஒரே மனசுக்குள் அக்கம்பக்கமாகக் குடியிருக்குமா என்று மலைத்துப்போனேன். பிற்பாடு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்று எத்தனையோ கவிதைகள் படித்துவிட்டேன். மனசை அத்தனை சின்ன இடத்தில் முழுசாக வைத்தவர்கள் ரொம்பப் பேர் இல்லை.

அப்படி மலைத்தவள்தான் அதைப் பாழாக்கினேன். பத்து நாள் கழித்து, மகன் அவள் மடியை விட்டு என்னிடம் வரமாட்டேன் என்று வீறிட்டான். பிடுங்கி எடுத்தேன். கன்னத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. மாமியார் பக்கத்திலேயே இருந்தார்.

"நீங்கதான் களையில பாடினீங்களே அக்கா, கிள்ளத் தோணுதுன்னு. கிள்ளியே போட்டீங்களா?" என்றேன்.

ஓரகத்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமியார், "கொழந்தைய இனி அவ கையில குடுக்காத" என்றார்.

அன்று சாயங்காலம் தூளித் துணியை உதறியபோது ஒரு கட்டெறும்பு விழுந்தது. அதைக் காலால் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அன்றிலிருந்து ஓரகத்தி அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். குழந்தை தவழ்ந்து அவளிடம் போனால் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எறும்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

இரண்டாம் களைக்குப் போனோம். பாட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் யாரும் என்னை ஏசவில்லை. என் காது கேட்கப் பாடவில்லை, அவ்வளவுதான். பத்துப் பேர் சத்தமில்லாமல் நகர்ந்தோம். மேகம் காட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஓரகத்தி வெறும் நிழலாகத் தெரிந்தாள். பாட்டெடுத்து எனக்குப் பழக்கமே கிடையாது. தொண்டையிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

எம்புள்ள அவ மடி தேடுதுன்னு – நான்
எறும்பக் கண்டும் மறைச்சன்டி

எரிச்சலில் பேசிவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அது பொறாமை என்று எனக்கே அந்தப் பாட்டுதான் சொன்னது. குனிந்தபடியே அடுத்த களையைப் பிடுங்கினேன். அப்புறம் முன்னாலிருந்து ஒரு குரல் என் வரியைத் திருப்பிப் பாடியது. ஓரகத்திதான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் குற்றத்தைப் பத்து வாய் பாடிற்று.

இனி அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மேல் இருந்த பழி போய்விடும். அன்றைக்குச் சொல்வாள் என்று காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். அவள் களி கிண்டினாள், கன்றுக்குத் தண்ணீர் காட்டினாள், வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. மாமியார் எதிரிலேயே குழந்தையை அவள் மடியில் வைத்தேன்.

"எறும்பு கடிச்சதுங்க அத்தை. அக்கா கிள்ளலைங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

மாமியார் என்னை முறைத்தார். ஓரகத்திக்குத்தான் கோபம் வந்தது.

"காட்டுல பாடுனத மறுக்கா எதுக்கு வூட்டுக்குக் கொண்டாந்த?"

சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க, குழந்தையின் கன்னத்தை மெதுவாகக் கிள்ளினாள். அவன் சிரித்தான். அவள்தான் அழுதாள்.