பெயரைக் கேட்டுத் தட்டைக் கொடு

சென்னையில் யாராவது "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றால், பதினோரு வருடங்களுக்குப் பிறகும், என்ன பிழை விட்டேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் கதைப்போம். பேசுவது என்றால் ஏசுவது. கல்யாணம் முடித்து மேற்கு மாம்பலத்துக்கு வந்து, அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஸ்டெல்லா அக்கா அப்படிச் சொன்னார். எங்கள் பன்னிரண்டு பெண்களுக்கும் அவர்தான் பொறுப்பு. மயிலாப்பூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு வேலைக்கு வருபவர்.

அன்று நான் பெரிய பிழை விட்டிருந்தேன். இரண்டு நோயாளிகள் கட்டில் மாறியது தெரியாமல், கட்டில் இலக்கத்தை மட்டும் பார்த்து, சிறுநீரக நோயாளிக்கு உப்புப் போட்ட சாப்பாட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு வாய் வைப்பதற்குள் அவருடைய மகள் கவனித்துத் தடுத்தார். டாக்டர் சமையற்கூடத்துக்கே வந்து யார் கொடுத்தது என்று கேட்டார். ஸ்டெல்லா அக்கா முன்னே வந்தார். "என் கிச்சன், டாக்டர். என் தப்பு. இனிமே நடக்காது." டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பி, "சாயங்காலம் உன்கிட்ட பேசணும்" என்றார்.

மாலையில் அவர் முன்னால் போய் நின்றதுமே அழுதுவிட்டேன்.

"பேசாதேங்கோ அக்கா. நானே வேலையை விட்டு நிண்டிடுறன்."

"பேசாம எப்படிம்மா, என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்?" என்று குழம்பிப் போனார். பிறகு டீ வரவழைத்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு வண்டியை அவரே தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனார். முட்டிவலிக்காரர். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்டு, சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே தட்டை வைத்தார். ஒரு வாரம் அப்படியே. எங்களுக்கு எந்த உத்தரவும் போடவில்லை. எட்டாம் நாள் நாங்கள் எல்லோரும் பெயர் கேட்டுத்தான் கொடுத்தோம். ஊரில் நான் வேலை பார்த்த கடையில் முதலாளி கதிரையை விட்டு எழும்பியதே இல்லை. பொறுப்பு என்றால் விரல் நீட்டுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"நான் ஒருநாள் வரலன்னா இந்தக் கிச்சன் நிக்கக் கூடாது. எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்" என்பார். பாத்திரம் கழுவியவர்களுக்கும் நோய்க்கேற்ற உணவுப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஓய்வு பெற்றபோது சாவியை என் கையில் தந்தார்.

எனக்கு முதல் சோதனை கன்னியம்மா. ஆற்றோரக் குடியிருப்பை இடித்தபோது புறநகருக்கு அனுப்பப்பட்டவர். தினமும் தாமதம். ஆளை மாற்று என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று கூப்பிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கத வுட்றன்னு நெனைக்கிறியாக்கா? மெய்யாலுமே பஸ்சு நிக்காம போய்க்கினே கீது."

மறுநாள் விடியும்போது அவருடைய நிறுத்தத்தில் போய் நின்றேன். இரண்டு பஸ்கள் நிரம்பி வழிந்து, நிற்காமல் போயின. மூன்றாவதில் இருவரும் தொங்கிக்கொண்டு வந்தோம். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருத்தியைக் காலை முறைக்குக் கேட்டு மாற்றிக்கொண்டு, கன்னியம்மாவைப் பத்து மணிக்கு வரச் சொன்னேன். மேலிடத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை.

போன மாதம் தம்பியின் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தேன். பொறுப்பைக் கன்னியம்மாவிடம் கொடுத்திருந்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தபோது, "எல்லாம் குட்த்தாச்சுக்கா, நீ நிம்மதியா துன்னு" என்று போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதைக் கேட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த தங்கை கேட்டாள்:

"அக்கா, எப்ப வீட்டை போறாய்?"

நாங்கள் இருவரும் பிறந்த வீட்டின் முற்றத்தில்தான் அந்தப் பந்தி நடந்தது. "வியாழக்கிழமை" என்றேன்.