ஒரே நிறத்தில் இரண்டு மூடிகள்

அச்சகத்தில் அவளுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒருநாள் படியேறிப் போகும்போது, “மில்லிமீட்டர் வருது, ஸ்கேலை எடுத்து ஒளிச்சு வை” என்று கட்டிங் மெஷின்காரர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அன்றைக்கும் அவள் பையில் ஸ்கேல் இருந்தது.

நோட்டீஸ், மருந்துப்பெட்டி, பள்ளி ஆண்டு மலர், கடைப்பை என்று எதை அச்சடிக்க வேண்டுமானாலும் அதை முதலில் கணினியில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. பதினாலு வருடமாகச் செய்கிறாள். வீட்டின் பின்னறையில் வாஷிங் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்து ஒரு கோட்டை முடி அளவு இந்தப் பக்கம் நகர்த்துவாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி அந்தப் பக்கம் நகர்த்துவாள். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்பான் கணவன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். “நீங்க பிரேக்குல காலை வைக்கிற மாதிரி இது” என்பாள்.

அவளுடைய உலகம் அந்த மேஜையோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். ஃபைல் மேஜையை விட்டுக் கிளம்பி அச்சகத்துக்குப் போனதும் கெட்டகாலம் ஆரம்பித்துவிடும். ஊரில் இருந்தது மூன்று அச்சகம். ஒன்றில் காகிதத்தைக் கோணலாக வெட்டுவார்கள். இன்னொன்றில் ஃபோனையே எடுக்கமாட்டார்கள். மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

அதன் முதலாளிக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ‘ஆயிடும்’. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். வியாழக்கிழமைக்குள் கிடைக்குமா? ஆயிடும்மா. நிறம் சரியாக வருமா? ஆயிடும்மா. மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்த அண்ணனே எட்டிப் பார்க்காத நாளில், ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து நின்றவர் அவர். அப்படிப்பட்டவரிடம் குரலை உயர்த்துவதற்கு வாய் எப்படி வரும்?

இந்த முறை வந்த வேலை ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு. கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மூன்று வகைச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். ரோஸ் மூடி போட்டதை ஒருநாளைக்கு ஆறு வேளை விடவேண்டும். ஆரஞ்சு மூடி இரண்டே வேளை. வெள்ளை மூடி போட்ட பெரிய குப்பி படுக்கப் போகும்போது ஒரு தடவை. பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அந்த வாரம் சரியாகக் கண் தெரியாது. அதனால் எந்த நேரத்துக்கு எந்த மூடி என்று வட்டம் வட்டமாக நிறத்திலேயே காட்டுகிற ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டார் தலைமை நர்ஸ். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்கே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிறப்பட்டியலை மூடிகளோடு ஒட்டிவைத்து ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஆறு தடவை வரைந்தாள். ஆறாவதை ஒரு நோயாளியிடம் நீட்டி, “பெரியம்மா, மத்தியானம் எந்த மருந்து விடுவீங்க?” என்று கேட்டார் பெரிய சிஸ்டர். அந்த அம்மாள் அட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சரியான குப்பியைக் கையில் எடுத்தார். அன்று வீடு திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வழவழப்பான காகிதத்தில் ஒரு மாதிரி அச்சடித்து ஆயிடும் அண்ணன் காட்டினார். நிறம் கச்சிதமாக இருந்தது. ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “மொத்தமும் ஓட்டினதும் எங்கிட்ட ஒருதடவை காட்டிட்டு அனுப்புங்கண்ணே” என்றாள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

எட்டாம் நாள் காலையில் பெரிய சிஸ்டரிடமிருந்து ஃபோன் வந்தது.

“கார்டு வந்துடுச்சும்மா. நாலு நாளா குடுத்துட்டு இருக்கோம். ஆனா நேத்து ஒருத்தர் கண்ணு ரத்தச் சிவப்பா திரும்பி வந்தாரு. ஆரஞ்சு மூடியை ஆறு வேளை விட்டிருக்காரு.”

“அட்டையில தெளிவா இருக்கே சிஸ்டர்?”

“நீ ஒருதடவை வந்து பாரு.”

போய்ப் பார்த்தாள். அட்டையில் ரோஸும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. இரண்டு வட்டமும் ஒரே செங்கல் நிறத்தில் இருந்தன. அந்த மனிதரின் கண் சரியாகிவிடும் என்றார்கள். வராந்தாவில் அவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். “நான் அட்டையில இருந்தபடிதாம்மா விட்டேன்” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன்மேல் தப்பில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவளிடமும் சொன்னார்.

அங்கிருந்து நேராக அச்சகம் போனாள்.

“வாம்மா, உக்காரு. டீ சொல்லட்டுமா?” என்றார் ஆயிடும் அண்ணன்.

“டீ வேண்டாம்ணே. இதைப் பாருங்க. ரெண்டும் ஒரே கலரா இருக்கு.”

அவர் அட்டையை விளக்கடியில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். “லேசா வித்தியாசம் இருக்கேம்மா.”

“எங்கண்ணே இருக்கு?”

“இருக்கு. உத்துப் பாத்தா தெரியும்.”

“கண் ஆபரேஷன் பண்ணவங்க எப்படிண்ணே உத்துப் பாப்பாங்க?”

அவர் அட்டையைக் கீழே வைத்தார். அச்சு மெஷின்காரரைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். வழவழப்புக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது, அதனால் சாதாக் காகிதத்தில் ஓட்டினார்கள். அது மையை உறிஞ்சிவிட்டது. போதாக்குறைக்கு அதற்கு முன்னால் ஓடியது ஒரு சிவப்பு நோட்டீஸ். “ரோலரைக் கழுவினோம். நல்லா கழுவலை போல” என்றார், யாரோ அடுத்த வீட்டுக்காரர் செய்த காரியத்தைச் சொல்கிறவர் மாதிரி.

“காகிதத்தை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாண்ணே?”

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே. அப்புறம் சொன்ன தேதிக்குக் குடுக்க முடியாது. தேதி தவறினா உனக்குத்தானே கெட்டபேரு? உன்னை நெனைச்சுத்தாம்மா செஞ்சேன்.” மேஜை இழுப்பறையைத் திறந்து, அவள் கையெழுத்துப் போட்ட மாதிரியை எடுத்து வைத்தார். “நீயும் பாத்து ஓகே பண்ணினதுதானே.”

“நான் ஓகே பண்ணது இந்தக் காகிதத்தை இல்லையே.”

“டிசைன் அதேதானேம்மா.”

அவள் கையெழுத்தை அவளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வராந்தாவில் இருந்தவரைப் பற்றி மட்டும் சொன்னாள். ஆயிடும் அண்ணனின் முகம் மாறியது. மாதிரியைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார்.

“சரி, மறுபடி ஓட்டித் தரேன். நல்ல காகிதமாவே வாங்கிடுறேன். நீயே வந்து பக்கத்துல நில்லு” என்றார்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே மூன்று மூடிகளையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் கண்முன்னால் ரோலரைக் கழுவவைத்தாள். முதல் தாள் வந்ததும் வட்டத்தின் மேல் மூடியை வைத்துப் பார்த்தாள். ரோஸ் கொஞ்சம் வெளுத்திருந்தது. மையைக் கூட்டச் சொன்னாள். இப்போது அதிகமாகிவிட்டது, குறைக்கச் சொன்னாள். மெஷின்காரர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். நூறு தாளுக்கு ஒருமுறை உருவி உருவிப் பார்த்தாள். சத்தத்தில் காது அடைத்துப்போனது, நின்று நின்று கால் மரத்துப்போனது. சாயங்காலம் கடைசித் தாள் விழும்வரை ரோஸ் ரோஸாகவும் ஆரஞ்சு ஆரஞ்சாகவும் இருந்தன. ஐயாயிரம் அட்டையும் வெட்டி, கட்டி, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறின. அவள் ஒரு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கணவன் அதை எடுத்துப் பார்த்தான். “கலர் சூப்பரா வந்திருக்கே” என்றான். அப்புறம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தான். “கணணில ஒரு சொடடு விடவும... இது என்ன மொழி?”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அட்டையைப் பிடுங்கினாள். ஒரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளி இல்லை. கண் என்பது கண. மருந்து என்பது மருநது. தலைப்பிலிருந்து கடைசி வரிவரை மொட்டையாக இருந்தன எழுத்துகள். நாள் முழுக்க இந்தத் தாளைத்தான் கண்ணுக்கு அரையடி தூரத்தில் வைத்துப் பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாள், நிறத்தை மட்டுமே பார்த்தாள். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

ஃபோனை எடுத்தாள். “என்னண்ணே ஆச்சு? எழுத்து எங்கயும் மாறக்கூடாதுன்னு எல்லாத்தையும் படமா மாத்தித்தானே ஃபைல் குடுத்தேன்?”

விஷயம் இதுதான். அட்டையின் அடியில் போட்டிருந்த ஆஸ்பத்திரி ஃபோன் நம்பர் மாறியிருந்தது. அங்கேயிருந்து யாரோ நேராக அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளைத் தொந்தரவு பண்ணவேண்டாம் என்று அச்சகத்தின் கம்ப்யூட்டர்க்காரர் அவள் முன்பு அனுப்பியிருந்த, எழுத்தைப் படமாக மாற்றாத பழைய ஃபைலைத் தேடித் திறந்து, நம்பரை மாற்றி, அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டார். அவள் வைத்திருந்த ஃபாண்ட் அவரிடம் இல்லை. கம்ப்யூட்டர் தன்னிடம் இருந்ததைப் போட்டுக்கொண்டது, புள்ளிகள் உதிர்ந்துவிட்டன.

“படிச்சா புரியுதும்மா. நான் படிச்சுப் பாத்தேன். சனங்க புரிஞ்சுக்குவாங்க” என்றார் ஆயிடும் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மூணாவது தடவை ஓட்டுறதுக்கு என்னால முடியாதும்மா. நீயே சொல்லு, பக்கத்துலயேதானே நின்னே” என்றார்.

அவள் ஃபோனை வைத்தாள்.

பெரிய சிஸ்டரிடம் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிக்கத் தெரிஞ்சவங்க எப்படியும் படிச்சுடுவாங்க. தெரியாதவங்களுக்குப் புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வட்டம் சரியா இருக்குல்ல, போதும்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அது திட்டு வாங்கினதைவிட மோசமாக இருந்தது.

ஒரு பெட்டி அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்தாள். கூர்முனைப் பேனாவை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஒரு அட்டைக்கு ஐம்பத்தொரு புள்ளி. ஐயாயிரம் அட்டைக்கு எத்தனை என்று அவள் பெருக்கிப் பார்க்கவில்லை. வழவழப்புக் காகிதத்தில் மை காயவே நேரமெடுத்தது. கை பட்டால் இழுத்துக்கொண்டு போனது. கணவனும் ஒரு பேனாவோடு உட்கார்ந்தான். அவன் வைத்த புள்ளிகள் மிளகு மாதிரி இருந்தன. அந்த அட்டைகளையும் அவள் சேர்த்துக்கொண்டாள். நாலு நாளில் இருநூற்றுச் சொச்சம் அட்டை தேறியது. ஐந்தாம் நாள் காலையில் பேனாவை எடுத்தவள், கொஞ்ச நேரம் மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, தேறியதை மட்டும் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புகிற மேஜையில் கூட்டம் நெருக்கியது. பெரிய சிஸ்டர் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். ரோஸ் மூடிக் குப்பியை எடுத்தார், அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். “ஐயா, ரப்பர் மாட்டினது ஆறு வேளை. தடவிப் பாத்துக்குங்க. மாட்டாதது ரெண்டு வேளை. பெரிய குப்பி படுக்கும்போது.” குப்பிகளையும் அட்டையையும் ஒரு பையில் போட்டு நீட்டினார். அட்டையை அவரும் பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டவரும் பார்க்கவில்லை.

“ரப்பர் பேண்ட் எப்போலேர்ந்து சிஸ்டர்?” என்று கேட்டாள் அவள்.

“ரெண்டும் ஒரே கலரா வந்துச்சுல்ல, அந்தப் பயத்துல ஆரம்பிச்சோம். அப்புறம் பாத்தா இதுவே சுலபமா இருக்கு. கண்ணே வேண்டாம், கையே போதும்.” சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைக் கவனித்தார். “உன் கார்டையும் குடுத்துட்டுத்தாம்மா இருக்கோம்.”

“பரவால்ல சிஸ்டர்” என்றாள். புள்ளி வைத்த அட்டைகளை, மேஜையில் மற்ற அட்டைகள் இருந்த பெட்டியில் மேலாக வைத்தாள். யாராவது மேலேயிருந்து எடுத்தால் இதுதான் முதலில் போகும்.

வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பெரிய சிஸ்டர் ரப்பர் பேண்ட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். “கை சும்மாதானே இருக்கு? கொஞ்சம் மாட்டிக் குடேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ரோஸ் மூடிக் குப்பியை எடுத்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

எதிரே வந்து உட்கார்ந்த ஒருவர், பெரிய சிஸ்டர் நீட்டிய பைக்குள் கையை விட்டு அட்டையை வெளியே எடுத்தார். “இது எதுக்கும்மா?”

“சும்மா வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த குப்பியை எடுத்தாள்.