முதுகு காட்டிய கால் மணி நேரம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என்னிடம் உடற்பயிற்சி கற்றுக்கொண்டு போய்க் காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் தனியாகக் கூடம் நடத்துகிறவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள். பட்டம் வாங்கினவனுக்கு அஞ்சாங்கிளாஸ்காரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் ஒரே இருப்பாகக் கால் மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, எட்டு எண்ணிவிட்டு மறுபடியும் உட்காருகிறேன். இந்தப் பத்திக்குள் இரண்டு தடவை ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு நூற்பாலையில் பஞ்சு குடோனில் இருந்தேன். அதற்கு முன்னால் நெல் மண்டியில் மூட்டை. வட்டார ஆணழகன் போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கிய உடம்பு அது. நான் பேலில், அந்தக் கட்டுப்போட்ட பஞ்சுப் பொதியில், கை வைத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஒரு பேல் நூற்று எழுபது கிலோ இருக்கும். ஒருநாள் லாரியிலிருந்து ஒன்று சரிந்து வந்தபோது, விலகிக்கொள்ளாமல் அதைத் தாங்கப் போனேன். என்னவோ இடுப்பில் நூல் அறுந்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஐந்து பேர் சேர்ந்து பேலை உருட்டும்போது நானும் கையை வைத்துக்கொண்டு சத்தம் மட்டும் போடுவேன். சத்தத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. இப்படி இரண்டு வருடம் ஓடியது. கூட இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். வைண்டிங் பிரிவில், அதாவது நூலைக் கோனில் சுற்றுகிற இடத்தில், முழுக்கப் பெண்கள். முதுகுவலி, தோள்வலி என்று ஆள் மாற்றி ஆள் லீவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிப்டு தொடங்கும் முன் கால் மணி நேரம் உடற்பயிற்சி வைக்கலாம் என்பது அவர் யோசனை. "யாருங்க நடத்துவீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன். நடத்துகிறவன் பேல் தூக்க வேண்டாம், இடைப்பட்ட நேரத்தில் லாரிச் சீட்டு மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார்களே.

"மூணு மாசம் பாப்பனுங்க. ஒண்ணும் ஆகலீன்னா நீங்க குடோனுக்கே போயிரோணும்" என்றார் மேனேஜர்.

போக முடியாது என்பது எனக்குத்தானே தெரியும்.

முதல் நாள் காலை ஐந்தே முக்கால். ஆத்தங்குடிப் பக்கமிருந்தும் பள்ளத்தூர்ப் பக்கமிருந்தும் மில் வேனில் வந்து இறங்கிய நாற்பது பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் வெறும் வயிறு. நான் பனியனை இறுக்கி, நெஞ்சை விரித்து, அவர்களுக்கு எதிரே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, "லாபம்!" என்று கத்தினேன்.

மண்டிப் பழக்கம். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வோம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கூட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பழைய வாய் வந்துவிட்டது.

"யாருக்குத் தம்பி லாபம்? மில்லுக்கா, எங்களுக்கா?" என்றது ஒரு குரல். நாற்பது பேரும் சிரித்தார்கள். கேட்டவர் அங்கே இருந்தவர்களில் மூத்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அன்றிலிருந்து எனக்கு லாப மாஸ்டர் என்று பேர். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

கையைத் தூக்கச் சொன்னால் தோளோடு நிறுத்தினார்கள். குனியச் சொன்னால் தலையை மட்டும் தொங்கப் போட்டார்கள். நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, தோளைத் தொடச் சொன்னேன். "இத நாங்க கோயில்ல தெனமும் செய்யிறோம். இதுக்கு ஒரு மாஸ்டரு வேணுமாக்கும்?" என்றார் அக்கா. எனக்குக் கோபம். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக எண்ணினேன். அவர்கள் செய்யாததையெல்லாம் சேர்த்து நானே செய்தேன். காலை ஒரு தடவை, பகல் ஷிப்டுக்கு ஒன்றே முக்காலுக்கு ஒரு தடவை. ராத்திரி வீட்டில் கட்டிலில் ஏற ஒரு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் என்னை ஐந்து ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். திருப்பத்தூர் வழியாக பஸ். போக வர நாள் முழுக்க உட்கார்ந்தே இடுப்பு இற்றுவிடும். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பேண்ட் போட்ட இளவட்டங்கள். சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண். அந்தப் பெண், ஒரு பயிற்சியை நடத்துவதற்கு முன்னால் அதைத் தாளில் போட வேண்டும் என்றது. எதில் தொடங்குவது, எதில் உச்சத்துக்குப் போவது, எப்படி இறங்கி முடிப்பது. அப்போது எனக்குக் கோர்வையாக எழுத வராது. தினசரிக் காலண்டர் தாள்களின் பின்னால் தீக்குச்சி மனிதர்களை வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வகுப்பிலேயே அழகான தாள் என்னுடையதுதான். அந்தப் பெண்ணே அப்படித்தான் சொன்னது.

பிறகு தாளில் இருந்தவர்களைக் காட்டிக் கேட்டது, "இவங்க நாள் முழுக்க என்ன செய்றாங்க சார்?"

"மில்லு வேலைம்மா."

"அது வேலையோட பேரு. அவங்க உடம்பு என்ன செய்யுது?"

வைண்டிங் பிரிவுக்கு நான் அதுவரை உள்ளே போனதே இல்லை.

மறுநாள் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் ஓரமாக உட்கார்ந்தேன்.

"மாஸ்டரு, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எந்தக் கைய எப்பிடித் தூக்குறீகன்னு பாக்குறேன்."

"கட்டுன புருசன் பாக்கல. நீங்களாச்சும் பாருங்க."

மடியில் கொஞ்சம் புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு பெண் நூல் எடுக்கப் பெட்டிக்குள் குனியும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் கொட்டை தீர்ந்துவிட்டது. நாள் முழுக்கக் குனிகிறவர்களை விடியற்காலையில் நான் வேறு குனிய வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி பழைய தாளையெல்லாம் கிழித்துப்போட்டு வேறு வரைந்தேன். வேலை முன்னால் மடக்கினால் பயிற்சி பின்னால் சாய்க்க வேண்டும். வேலை விரலை மூடினால் பயிற்சி விரிக்க வேண்டும். குனிகிறது ஒன்றே ஒன்றுதான் வைத்தேன், அதுவும் பெட்டியைத் தூக்குகிற முறையைக் காட்டுவதற்கு. இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை.

அப்படியும் கை மேலே போகவில்லை. ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து வேனில் ஏறுவதற்கு முன் அக்கா தனியாக வந்து சொன்னார்.

"தம்பி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிருவீகளா? ஆம்பள ஒருத்தர் எதுக்க நிண்டுக்கிட்டுக் கையத் தூக்கு, நெஞ்ச நிமித்துன்னா யாரு நிமித்துவா? சேல கட்டியிருக்கோம்ல. நீங்க அங்குட்டுச் சுவரப் பாத்து நில்லுங்க."

"ரெண்டு கப்பு வாங்குனவன், முதுகு காட்டுறதாக்கா?"

"காட்டுங்க. இங்க என்ன சண்டையா நடக்குது?"

மறுநாள் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் நாற்பது ஜோடி வளையல் ஒரே நேரத்தில் மேலே போன சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அவர்களைப் பார்க்க முடியாததால் அக்காவை ஓரத்தில் நிற்க வைத்தேன். "ரெண்டாவது வரிசையில ஒருத்தி கையி பாதியில நிக்கிது தம்பி" என்று அவர் சொல்ல, நான் சுவரிடம் திருத்தம் சொல்வேன். பாதியில் நிற்கும் கை யாருடையது என்று பிறகு கேட்டுக்கொண்டு, அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

அதில் முதல் ஆள் அக்காவேதான். வலது கை தோளுக்கு மேலே ஏறாது. மகள்தான் கொண்டை போட்டுவிடுவாளாம். கூட்டத்தோடு செய்கிற பயிற்சி அவருக்கு உதவவில்லை. சுவரில் விரலாலேயே மேலே ஏறி நடக்கச் சொன்னேன். எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். வாரத்துக்கு ஒரு விரற்கடை, சில வாரம் அதுகூட இல்லை. "இது எப்ப உச்சிக்குப் போயி, நான் எப்பக் கொண்டை போட?" என்பார். ஒருநாள் கோணலாக ஒரு கொண்டையோடு வேனிலிருந்து இறங்கினார். தலையை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் போய் நின்றார். கோப்பை வாங்கிய இரண்டு நாளிலும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் உடம்பு ஓய்ந்துகொண்டிருந்தது. முன்னால் நிற்கிறவன் எல்லாவற்றையும் முழுசாகச் செய்து காட்டினால்தான் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு செய்தேன். நாலு மணிக்கு எழுந்து சைக்கிள் மிதிப்பதற்குள்ளேயே பாதி ஆள் செத்துப்போவேன்.

மூன்று மாதம் முடிந்த அந்தச் சனிக்கிழமை காலையில் மேனேஜர் வந்து வாசலில் நின்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் பெட்டி தூக்கும் முறை. முட்டியை மடக்கி, பெட்டியை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். ஆள் பார்க்கிறார் என்று காலிப் பெட்டிக்குப் பதில் கோன் நிறைந்த பெட்டியை வைத்திருந்தேன். என் கெட்ட புத்தி. "லாபம்" என்று சொல்லிக் குனிந்தேன். எழ முடியவில்லை.

வலிகூட இல்லை. இடுப்புக்குக் கீழே யாரோ பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கண்ணை உயர்த்தினால் சுவரில் அக்காவின் முதல் சாக்பீஸ் கோடு. அதையே பார்த்துக்கொண்டு குனிந்து கிடந்தேன். பின்னால் நாற்பது பேரும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். வாசலில் மேனேஜர். இனி குடோன்தான் என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு."

வளையல்கள் அசைந்தன. "மூணு. முட்டிய மடக்குங்கடி. நாலு."

எட்டு முடிவதற்குள் நான் சுவரைப் பிடித்து, கோடு கோடாக ஏறி நிமிர்ந்துவிட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், நீங்க பாதியில நின்னுட்டீங்க?" என்று மேனேஜர் உள்ளே வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நாங்களே எண்ணிச் செய்யணும்னு மாஸ்டரு பழக்கிவிட்டிருக்காக சார்."

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. லீவும் கொறஞ்சிருக்குது. இனி இந்தம்மாவே நடத்திக்கட்டும். குடோன்ல ஆளு பத்தறதில்லீங்க. மாஸ்டர் திங்கக்கெழமையிலிருந்து பேல் எறக்க அங்கயே போயிருங்க."

அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், என்னைத் திரும்பக் கொண்டுபோய் குடோன் வாசலில் விட்டது.

சட்டையை உயர்த்தி, இடுப்பில் இருந்த துண்டைக் காட்டினேன். வியர்வையில் நனைந்து கயிறாக முறுக்கேறியிருந்தது. "ரெண்டு வருசமா நான் பேல் தூக்கல சார். பக்கத்தில நிண்டு சத்தம் மட்டும் போட்டேன். தூக்குனது மத்தவுக."

இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நாற்பது பெண்களுக்கு முன்னால் அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "நீங்க சுவரப் பாத்துத் திரும்பின அன்னைக்கே தெரியும். தெனமும் முதுகத்தான பாக்குறோம்? குனியும்போது இடது கையி இடுப்புக்குப் போகும். துண்டு வேற சட்டைக்குள்ள பொடச்சுக்கிட்டு நிக்கிது."

மேனேஜர் கோன் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "முன்னாடியே சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். பிறகு அவர் முடிவு சொன்னார். கூட்டத்தை அந்தம்மா நடத்தட்டும். வலி என்று வருகிறவர்களை ஒவ்வொருவராக நான் பார்க்க வேண்டும். மற்ற நேரத்தில் வைண்டிங் பிரிவில் கழிவுப் பஞ்சு கூட்ட வேண்டும். விளக்குமாறு. இரண்டு கோப்பை வாங்கினவனுக்கு. சரி என்றேன். பேல் இல்லை அல்லவா.

திங்கட்கிழமை காலை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். பெண்களுக்குப் பின்னால் நிற்க முடியாது, நடுவிலும் முடியாது. "பழைய எடத்திலயே, சுவரப் பாத்தே நில்லுங்க" என்றார் அக்கா. நின்றேன். வாசலில் வந்து பார்க்கிறவனுக்கு நான்தான் நடத்துகிற மாதிரித் தெரிந்திருக்கும்.

"கையி ரெண்டையும் இடுப்புல வையிங்க. மெதுவாப் பின்னால சாயணும்" என்றது பின்னாலிருந்து குரல். நான் தினமும் சொன்ன வார்த்தைகள்தான். அதுவரை நான் அவற்றை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், வேகமாகச் செய்து காட்டியிருக்கிறேன். மெதுவாகச் செய்ததில்லை.

"லாபம்" என்றார் அக்கா. சாய்ந்தேன். இடுப்பில் ஏதோ கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"தம்பி, மூச்ச அடக்காதீக. ரெண்டு."