நான் குடிக்காத சிகரெட்டுகள்

நான் பிழைத்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் யாராவது எனக்காக இரக்கப்பட்டு வைப்பீர்கள், அந்த அளவுக்கு நான் யோக்கியன் இல்லை. இரக்கப்பட வேண்டுமென்றால் என் மனைவி கல்பனாவுக்காகப் படுங்கள்.

என் பெயர் பக்தவச்சலம். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை. டீ சுமார்தான். ஆனால் பீடி, சிகரெட் விற்காத ஒரே கடை என்று அந்தச் சாலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராப் பக்கத்திலிருந்து காவடியோடு திருத்தணிக்கு நடந்து போகிறவர்கள் களைப்பில் ஒரு பீடி கேட்டால்கூட விடமாட்டேன். நுரையீரலில் ஆரம்பித்துக் குடும்பப் பொறுப்பு வரைக்கும் பேசுவேன். பாவம், கால் கொப்பளித்தவர்கள் நின்று கேட்பார்கள்.

போன வருடம் அதே ஆடி மாதத்தில், முகம் மழிக்கும்போது கழுத்தின் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று நானே டாக்டராகி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து இரண்டு மாதம் பூசினேன். கட்டி என் வைத்தியத்தை மதிக்கவே இல்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். தொண்டையில், டான்சில் பக்கம் தொடங்கிய புற்றுநோய்.

முடிவு சொன்ன அன்று கல்பனா மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். உள்ளே நான் மட்டும். டாக்டர் தேவிப்பிரியா என்னைவிட இருபது வயதாவது சின்னவராக இருப்பார்.

"இது புகையிலையால வந்தது இல்லைங்க. எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். உடலுறவு மூலமா தொத்திக்கும், வாய் வழியாவும் வரும். எப்போ வந்துச்சு, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நிறைய பேருக்கு வரும், முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் இருபது முப்பது வருஷம் ஒளிஞ்சிருக்கும்."

யாராலும் சொல்ல முடியாதாம். என்னால் முடிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு நகரியில் ஒரு ஓட்டலில் மாஸ்டராக இருந்தேன். அங்கே ஒரு பெண். மூன்று மாதம். பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை தலை நிமிர்ந்து ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை" என்று தரகர் சொல்ல, நானும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருடமாக அதே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் நல்ல செய்தியும் சொன்னார். கட்டிக்குள் என் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாகப் புகுந்திருக்கின்றனவாம். வைரஸ் இருப்பதால் கட்டியை வெளியாள் என்று அவை அடையாளம் கண்டுகொள்கின்றன. இப்படி இருந்தால் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும், பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைத்துவிடுவார்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த எதிர்ப்பு மட்டுப்படும், பலனும் குறையும். உங்களுக்கு அது இல்லை, நல்லது என்றார். என் அணுக்களும் என்னைப் போலத்தான். திருடன் வீட்டுக்குள் குடியிருந்து குடும்பம் பெருக்கிய பிறகு தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கின்றன.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "உங்க மனைவிக்கு கர்ப்பப்பை வாய் பரிசோதனை ஒண்ணு எடுக்கணும். இதே வைரஸ் பெண்களுக்கு அங்கேதான் தொல்லை கொடுக்கும். கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க? எதனால வந்துச்சாம்?" என்றாள் கல்பனா.

"சிகரெட்டு" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. திருவாலங்காடு சர்க்கரை ஆலைச் சாலையில் மறைவாக நின்று குடித்தேன், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், இருபது வருடம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு துக்கத்திலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பரிசோதனையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைச் சொன்னால் வைரஸைச் சொல்ல வேண்டும், வைரஸைச் சொன்னால் நகரியைச் சொல்ல வேண்டும்.

ஊரில் என் மானம் வேறு வகையில் போயிற்று. ஆட்டோ ஓட்டும் ஸ்ரீதருக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது. "இன்னாண்ணே, எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துகினு நீ ஊதிகினு இருந்தியா? எந்த பிராண்டு?" எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. "கிடைச்சதுப்பா" என்றேன்.

மூன்று வாரம் கழித்துச் சிகிச்சை ஆரம்பிக்கும் நாளில் என்னைப் பாவா என்று கூப்பிடும் கல்பனாவின் தம்பி வீரபத்திரனும் கூட வந்தான். ரொம்ப நல்லவன், அதுதான் வினை. டாக்டர் என் ஃபைலைப் புரட்டி, "சிகரெட் பழக்கம் இல்லை" என்று வாசித்ததும் கைகூப்பினான். "மேடம், பாவா உங்ககிட்ட மறைச்சிட்டாரு. இருபது வருஷமா தினம் ஒரு பாக்கெட்டுங்க. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது, அதான் சொல்றேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா பத்துக்கு எட்டுன்னு நான் சொன்னது சரியா வராதுங்க."

கல்பனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்லைங்க மேடம்" என்றேன். "வாழ்க்கையில ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லீங்க. வைரஸ்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இன்னா வைரஸ்?" என்றாள் கல்பனா.

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னை. "இவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா? பரிசோதனைக்கு அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொன்னேனே."

என் மானத்தைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் மனைவியின் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன். அந்த நாற்காலியில்தான் அது உறைத்தது. வீரபத்திரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கல்பனா அன்றே பரிசோதனை எடுத்துக்கொண்டாள். முடிவு வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். திரும்பும் ரயிலில், "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேட்டாள். "முன்னாடி" என்றேன். அரக்கோணம் தாண்டியும் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கூட வந்தாள். தலை அசையாமலிருக்க நான் முகமூடி மாட்டிக்கொண்டு கதிர்வீச்சு மேசையில் படுத்திருப்பேன். எனக்காக எத்தனையோ அணுக்கள் உள்ளே சண்டை போட்டன, மேலே அத்தனை பெரிய இயந்திரம் வேறு. அவளுக்கு? நான் கொண்டுவந்து கொடுத்திருக்கக்கூடிய ஒன்றோடு அவள் உடம்பு தனியாக மல்லுக்கட்ட வேண்டும். எனக்குப் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. தினமும், "வந்துச்சா?" என்று கேட்டேன். தொண்டை வெந்து குரல் போன பிறகு கையை விரித்துக் கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் அசைப்பாள்.

பதினேழாம் நாள் திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து கஞ்சி ஊற்றினாள். நான் கையை விரித்தேன்.

"ஒண்ணும் இல்லியாம். நல்லாத்தான் இருக்குதாம். நேத்தே கொடுத்துட்டாங்க."

என் கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீர் நிற்கவில்லை. அதற்கு நடுவிலும் கோபம் வந்தது. இல்லாத குரலைத் திரட்டி, "நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"மூணு வாரம் நீங்க எங்கிட்ட மறைச்சிகினு இருந்தீங்க" என்றாள். "நான் ஒரே ஒரு நாள்தான் மறைச்சேன். கஞ்சி ஆறுது, குடிங்க."